கார்டிஃப் படிக்கட்டில் 5,500 ஜோடி பூட்ஸ்

2024 மார்ச்சில் வேல்ஸ் நாடாளுமன்றமான செனெத்தின் படிக்கட்டுகளில் விவசாயிகளின் எதிர்ப்பாக 5,500 ஜோடி ரப்பர் பூட்ஸ்கள் வரிசையாக வைக்கப்பட்டன. வேல்ஸ் அரசின் புதிய பண்ணை மானியத் திட்டத்தால் பறிபோகக்கூடும் என்று மதிப்பிடப்பட்ட வேலைகளின் எண்ணிக்கை அது. மானியம் வேண்டுமானால் பண்ணையில் 10 விழுக்காடு மரங்கள் இருக்க வேண்டும் என்பதே ஆடு மாடு மேய்த்துப் பிழைக்கும் குடும்பங்களை அதிகம் கலங்கவைத்த நிபந்தனை.

விவசாயிகள் சரியான வாசலைத்தான் தேடி வந்தார்கள். நிதியின் பெரும்பகுதி லண்டனிலிருந்து வந்தாலும், 1999 முதல் வேளாண்மைக்கும் கல்விக்கும் பொறுப்பு தலைநகர் கார்டிஃபில் உள்ள வேல்ஸ் அரசுக்கே. 2024 நவம்பரில் அந்த மர நிபந்தனை கைவிடப்பட்டது. அதிகாரம் அருகில் இருப்பதன் பயன் இது.

பள்ளிக் கல்வியில் இந்த வேகம் இல்லை. 2023 டிசம்பரில் வெளியான, பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா தேர்வு முடிவுகளில் கணிதம், வாசிப்பு, அறிவியல் மூன்றிலும் பிரிட்டனின் நான்கு பகுதிகளில் வேல்ஸ்தான் கடைசி. கணிதத்தில் மட்டும் 21 புள்ளிகள் சரிவு. மாணவர்களால் டிராக்டரில் தலைநகருக்கு வந்து முற்றுகையிட முடியாது. அவர்களுக்காகக் கேட்க வேண்டியவர்கள் செனெத் உறுப்பினர்களே.

பள்ளிகள் மூடப்படும்போது யாரைக் கேட்பது என்பதிலும் தெளிவில்லை. கிராமப் பள்ளிகளை எளிதில் மூடக் கூடாது என்ற விதி 2018 முதல் இருக்கிறது. ஆனால், மூடும் முடிவை எடுப்பது உள்ளாட்சி மன்றம். அந்த மன்றத்துக்கு நிதி ஒதுக்குவது கார்டிஃப். பொறுப்பு இப்படிக் கைமாறிக்கொண்டே இருந்தால் பெற்றோர் யாரைக் கேட்பது? கிராமப் பள்ளிகளுக்கான நிதியைக் கல்வி அமைச்சர் ஆண்டுதோறும் தனிக் கணக்காக அவையில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும்.