அரைவேக்காட்டுத் திட்டங்கள்

ஆங்கிலத்தில் "ஹாப் பேக்டு" என்று ஒரு சொல் உண்டு. "பாதி வெந்தது" என்று பொருள். ரொட்டி மேலே பொன்னிறமாகச் சிவந்திருக்கும். பிய்த்துப் பார்த்தால் உள்ளே பச்சை மாவு! சரியாக யோசிக்காமல் தீட்டிய திட்டத்தையும் ஆங்கிலேயர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள்.

நம் அடுப்படியிலும் இதே சொல் பிறந்திருக்கிறது. அரைவேக்காடு! ஆனால், நாம் பெரும்பாலும் ஆளைத்தான் அப்படித் திட்டுகிறோம். அவர்கள் யோசனையைத் திட்டுகிறார்கள்.

"ஹேர் பிரெயிண்டு" என்று இன்னொரு சொல்லும் அங்கே உண்டு. "முயல் மூளை" என்று பொருள். அது கிறுக்கு யோசனைக்கு உரியது. அதை எத்தனை நாள் வேக வைத்தாலும் பயன் இல்லை. அரைவேக்காடு அப்படி அல்ல. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால், ஒருவேளை உருப்பட்டிருக்கும்.

கடலைத் திட்டம்

1946-ம் ஆண்டு. போர் முடிந்துவிட்டது. பிரிட்டனில் சமையல் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் பஞ்சம். தங்கள் ஆட்சியில் இருந்த டாங்கனிகாவில் (இன்றைய டான்சானியா) நிலக்கடலை பயிரிட்டால் என்ன என்று யோசனை பிறந்தது. ஒரு குழு போய் 9 வாரம் சுற்றிப் பார்த்துத் திரும்பியது. 30 லட்சம் ஏக்கருக்கு மேல் பயிரிடத் திட்டம் தயாராகிவிட்டது!

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்த ஒரு சோற்றை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. சிறு பண்ணை ஒன்றில் இரண்டு போகம் பயிரிட்டுப் பார்த்திருக்கலாம். அதற்குள் அவசரம்.

1947-ல் வேலை தொடங்கியது. முதல் ஆண்டில் 1½ லட்சம் ஏக்கர் என்று கணக்கு. பத்தில் ஒரு பங்கு நிலத்தில்கூட விதைக்க முடியவில்லை. யானை போல் பருத்த பெருக்க மரங்கள் வழி மறித்தன. போரில் உழைத்துக் களைத்த பழைய டிராக்டர்கள் படுத்துவிட்டன. மழையும் ஏமாற்றியது. வெயில் ஏறியதும் களிமண் செங்கல்லாக இறுகிவிட்டது. கடலை மண்ணுக்கு அடியில் அல்லவா காய்க்கிறது? செடியைப் பிடுங்க மண் நெகிழ வேண்டும் என்பது கடலை போட்ட எவருக்கும் தெரியும்.

1951-ல் திட்டம் கைவிடப்பட்டது. சுமார் 3 கோடியே 60 லட்சம் பவுண்டு நஷ்டம். எல்லாம் பிரிட்டிஷ் மக்கள் கட்டிய வரிப்பணம்.

ருவாண்டா திட்டம்

எந்தத் திட்டம் வந்தாலும் எதிர்க்கட்சிகள் "அரைவேக்காடு" என்றுதான் சொல்லும். சொன்னதாலேயே அது அரைவேக்காடு ஆகிவிடாது. பதம் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

2022 ஏப்ரலில் பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு திட்டத்தை அறிவித்தது. சிறு படகுகளில் கடல் தாண்டி வந்து புகலிடம் கேட்பவர்களை, ஆப்பிரிக்காவில் உள்ள ருவாண்டாவுக்கு அனுப்பிவிடுவது. அந்தப் பயத்தில் படகுகள் நின்றுவிடும் என்றார்கள்.

நிற்குமா? செலவுக்குத் தகுந்த பலன் கிடைக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உள்துறையின் தலைமை அதிகாரியே மந்திரிக்கு எழுதினார். பானையைத் திறந்து பார்த்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர் எனலாம். மந்திரியோ, "நடத்துங்கள்" என்று எழுத்து மூலம் உத்தரவு போட்டார்.

அந்த ஆண்டு ஜூனில் முதல் விமானம், புறப்படும் நேரத்தில் தடுக்கப்பட்டது. திட்டம் சட்டவிரோதம் என்று 2023 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. ருவாண்டாவுக்குப் போகிறவர்கள், உயிருக்குப் பயந்து ஓடிவந்த சொந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்படலாம் என்று நீதிபதிகள் அஞ்சினார்கள். சர்க்கார் விடவில்லை. புதிதாக ஒரு சட்டமே செய்தது. 2024 ஜூலையில் ஆட்சி மாறியது. புதிய சர்க்கார் திட்டத்தைத் தூக்கி எறிந்தது.

அதுவரை 70 கோடி பவுண்டு செலவாகிவிட்டது என்று புதிய உள்துறை மந்திரி பார்லிமெண்டில் சொன்னார். இரண்டு ஆண்டுகளாக, எந்த நாளில் எந்த நாட்டில் இறக்கிவிடப்படுவோமோ என்று தெரியாமல் காத்துக் கிடந்த குடும்பங்களின் தவிப்பு எந்தக் கணக்கிலும் வரவில்லை.

ருவாண்டாவுக்குப் போனவர்கள் நான்கே பேர். அவர்களும் தாங்களாகவே சம்மதித்துப் போனவர்கள்.