தாஞ்சியர்க்காரரின் சாட்சியம்

மொராக்கோ தேசத்துக்குப் போய்வந்த பிறநாட்டு எழுத்தாளர்களைப் பற்றி இந்த இதழில் வெளியாகும் கட்டுரைகளை அச்சுக்கு அனுப்புமுன் மறுபடி படித்துப் பார்த்தபோது, திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில் உட்கார்ந்துகொண்டு ஃபெஸ் நகரத்துச் சந்துகளைப் பற்றி இவ்வளவு விசாரம் எதற்கு என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும் என்ற எண்ணம் எழாமல் இல்லை. அந்தக் கேள்விக்கு விடை, நமக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரையின் சரித்திரத்தில் கிடக்கிறது.

1304-இல் மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் பிறந்து, 21-ஆம் வயதில் மக்கா யாத்திரைக்கென்று புறப்பட்டு, ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்தே தாய்நாடு திரும்பிய இப்னு பதூதா, 1340-களின் நடுவில், இலங்கையிலிருந்து வரும் வழியில் புயலில் சிக்கிச் சோழமண்டலக் கரையில் ஒதுங்கினார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் தாமகானியும் அவரும் சகலைகள். முன்னாள் சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்ஸன் கானின் பெண்களை இருவரும் மணந்திருந்தார்கள். ஆகவே உறவுக்காரருக்குரிய சகல மரியாதைகளோடும் உபசரிக்கப்பட்ட அந்த விருந்தாளி, தமக்குச் சோறிட்ட வீட்டைப் பற்றி எழுதிவைத்த பக்கங்கள் இன்றும் நம் நெஞ்சைப் பதறவைக்கின்றன.

சுல்தான் உணவருந்திக்கொண்டிருக்கிறார், வலப்புறம் காஜி, இடப்புறம் இப்னு பதூதா. கைதியான ஒருவனை, அவன் மனைவியோடும் ஏழு வயது மகனோடும் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவன் தலையை வெட்டும்படி சைகை காட்டிய சுல்தான், மனைவியையும் மகனையும்கூட என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்கிறார். தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும், மீண்டும் பார்த்தபோது தலைகள் தரையில் கிடந்ததையும் இப்னு பதூதா மறைக்காமல் சொல்கிறார். காட்டில் பிடிபட்டவர்களைக் கொண்டே கழுமரங்களைச் சுமக்கச் செய்து, மறுநாள் அதே மரங்களில் அவர்களை ஏற்றிய கொடுமையையும், வேறெந்த அரசனிடத்தும் தாம் அறியாத இழிசெயல் என்று கண்டித்திருக்கிறார். தம் மதத்தினன், தம் உறவினன், தமக்கு விருந்து வைத்தவன் என்ற மூன்று கட்டுகளையும் மீறிய சாட்சியம் அது.

அவரை உத்தமராக்கும் நோக்கம் நமக்கில்லை. மாலத்தீவின் மீது படையெடுக்கும்படி அதே சுல்தானுக்கு யோசனை சொன்னவர் அவர். கொள்ளைநோய் பரவியிருந்த மதுரையில் அடிமைப் பெண் ஒருத்தியை விலைக்கு வாங்கி, மறுநாளே அவள் இறந்ததைக் குறித்துவைத்தவரும் அவரே. அந்த நோய்க் காலத்தில்தான் ஒரு தாய் தன் எட்டு வயதுப் பையனோடு அவரிடம் வந்து, வறுமையைச் சொல்லி உதவி பெற்றுப் போகிறாள். துறுதுறுப்பான பையன். மறுநாள் அவள் மட்டும் திரும்பி வருகிறாள், அவன் உடலுக்குக் கஃபன் துணி வேண்டி.

அந்தத் தாய் என்ன பேசினாள், கழுமரம் சுமந்தவன் எந்த ஊர்க்காரன் என்பதெல்லாம் நமக்கு வந்து சேரவில்லை. பிற்பாடு மதுரைச் சுல்தான்களை வென்ற குமார கம்பணரின் மனைவி கங்காதேவி சமஸ்கிருதத்தில் இயற்றிய மதுரா விஜயம் இருக்கிறது. ஆயினும் அது வென்றவர் பக்கத்துக் காவியம். இடையே அகப்பட்டு மாண்டவர்களின் குரலுக்கு அங்கேயும் இடமில்லை. இந்த வெற்றிடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மொராக்கோவைப் பற்றிய நூல்களைப் படிக்கும்போது, அவை நம் சொந்த விஷயமாகவே ஆகிவிடுகின்றன.

1912-இல் பிரெஞ்சுப் பாதுகாப்பின் கீழ் வந்த அந்நாட்டை, 1917-இல் எடித் வார்ட்டன், ஆளுநர் லியோத்தேயின் விருந்தினராக, ராணுவ மோட்டாரில் சுற்றிப் பார்த்து எழுதினார். 1938 செப்டம்பரில் மராகேஷ் போன ஜார்ஜ் ஆர்வெல், பொதி சுமக்கும் கழுதைகளைக் கண்ட உடனே மனம் கொதித்ததாகவும், தம் வீட்டு வழியே தினந்தோறும் விறகுக்கட்டின் கீழ் வளைந்து சென்ற கிழவிகளைப் பல வாரங்கள் வரையில் கண்டும் காணாதிருந்ததாகவும் ஒப்புக்கொண்டார். விறகு போவது தெரிந்தது, விறகின் அடியிலிருந்த மனுஷி தெரியவில்லை. விருந்தினர் எழுத்தில் இதைவிட நேர்மையான ஒரு வாக்குமூலத்தை நாம் படித்ததில்லை. 1954-இல் அதே நகருக்குப் போன எலியாஸ் கனெட்டி, ஒலிகளின் சக்தி குறைந்துவிடும் என்று அந்நாட்டு மொழிகளைக் கற்க மறுத்தார். அங்காடிச் சதுக்கத்தில், ஒரே ஓர் ஒலியை மட்டும் ஓயாமல் எழுப்பிக்கொண்டு தரையில் கிடந்த ஒரு துணி மூட்டையை எத்தனையோ மாலைகள் பக்தியோடு நின்று கேட்ட அவர், அதனுள்ளே இருந்த ஜீவன் யார் என்று கடைசிவரை அறிந்துகொள்ளவில்லை. அந்த அத்தியாயத்தின் அழகு மறுக்க முடியாதது, எனினும், பாஷை தெரிந்த ஒருவன் அருகே குனிந்து, “என்ன வேணும்?” என்று கேட்டிருக்க மாட்டானா என்ற ஏக்கம் நம்மை விடவில்லை.

அப்படிக் கேட்கக்கூடியவராக உள்ளிருந்தே வந்தவர் முகம்மது ஷுக்ரி. ரிஃப் மலைநாட்டில் பிறந்து, பஞ்சத்தால் குடும்பத்தோடு தாஞ்சியருக்கு ஓடிவந்து, இருபது வயதை ஒட்டியே எழுத்துக் கற்ற அவருடைய சுயசரிதம், 1947 முதல் தாஞ்சியரில் குடியிருந்த அமெரிக்கர் பால் போல்ஸின் மூலம் 1973-இல் ஆங்கிலத்தில்தான் முதலில் வெளிவந்தது. அரபு மூலம் 1982-இல் அச்சேறி, விரைவிலேயே தடையும் செய்யப்பட்டது. அந்த போல்ஸைப் பற்றியே பிற்பாடு ஷுக்ரி கண்டிப்பான நூலொன்று எழுதினார். நன்றிகெட்ட செயல் என்பாருண்டு; நமக்கோ, பார்க்கப்பட்டவன் பார்த்தவனைத் திரும்பிப் பார்த்த நியாயமான காரியமாகவே அது படுகிறது.

ஃபெஸ் நகரத்துத் தோல் பதனிடும் தொட்டிகளை வருணிக்காத பிரயாண நூலைக் காண்பது அரிது. மேல்மாடத்திலிருந்து பார்க்கும் யாத்திரிகர்கள் துர்நாற்றம் தாங்காமல் மூக்கருகே புதினாக் கொத்தைப் பிடித்துக்கொள்வார்கள். நம் திண்டுக்கல்லிலும் பேகம்பூர்ப் பக்கம் காற்று திரும்பும் வேளையில் மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் போகிறவர்கள் நாம்தாமே! தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியருகே 40 வருஷம் நின்ற பெரியவர் ஒருவர், ஆவாரம் பட்டைச் சாறு ஊறிப் பழுப்பேறிய நகங்களோடு நம்மிடம் சொன்னார்: “உங்களுக்கு அது நாத்தம் தம்பி. எங்களுக்கு அது சேதி. உப்பு சரியா ஏறியிருக்கா, தோல் கெட்டுப்போச்சான்னு மூக்குதான் சொல்லும்.” மலைக்கோட்டையையும் பூட்டையும் பிரியாணியையும் பார்த்துவிட்டுப் போகும் எந்த விருந்தாளிக்கும் இந்த வாக்கியம் கிடைத்திராது.

ஆகவே அடுத்த இதழிலிருந்து எட்டுப் பக்கங்களை இவ்வட்டாரத்தார்க்கென்று ஒதுக்கியிருக்கிறோம். பூட்டுப் பட்டறையில் அரம் பிடிப்பவர், விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகும் பெண்கள், குடகனாற்றில் தண்ணீர் ஓடியதைக் கண்ட முதியவர்கள் எழுதட்டும். சொல்லி எழுதவைப்பதும் பழைய வழிதான்: ஃபெஸ் நகரில் சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி இப்னு பதூதா சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்ற புலவர் எழுதி 1355-இல் முடித்த நூல்தான் இன்று நாம் படிப்பது. எழுதப் பழக்கமில்லாதவர்கள் ஞாயிறு காலைகளில் நம் அலுவலகத்துக்கு வந்து சொன்னால் போதும். பேச்சு வழக்கை மாற்றாமல் எழுதி, வாசித்துக்காட்டி, அவர்கள் சரியென்ற பிறகே அச்சுக்குக் கொடுப்போம்.