முதல் பாடம் இலையிலிருந்து தொடங்கட்டும்

பல்கலைக்கழக மாணாக்கருக்குச் செயற்கை நுண்ணறிவை அறிமுகம் செய்வோர் வழக்கமாக வரலாற்றுடன் தொடங்குவர். 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கூடிய கோடைக் கூட்டம், துறைக்குப் பெயர் சூட்டிய ஜான் மெக்கார்த்தி, பின்னர் ஓர் இலக்கணம். இவை அறியத்தக்கனவே, ஆயினும் சில வாரம் கழித்துச் சொன்னாலும் குறைவில்லை. வெற்றி பெற்றதாகத் தோன்றிய இயந்திரம் ஒன்று எவ்வாறு தவறிற்று என்பதையே மாணாக்கர் முதற்கண் காணவேண்டும். அதற்குத் தக்க உதாரணம் பயிர் நோயில் கிடைக்கிறது.

2016-இல் மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே என்னும் மூவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ‘பிளாண்ட்வில்லேஜ்’ என்னும் தொகுப்பிலிருந்த 54,306 இலைப் படங்களைக் கொண்டு, 14 பயிர்களையும் 26 நோய்களையும் இனங்காணக் கணிப்பொறியைப் பழக்கினர். கணிப்பொறிக்குப் படம் என்பது எண்களின் அடுக்கு. அவற்றை வேறு எண்களால் பெருக்கியும் கூட்டியும் இயந்திரம் ஒரு விடையை ஊகிக்கிறது. மனிதர் எழுதிவைத்த நோய்ப் பெயருடன் அவ்விடை பொருந்தாவிடில், பெருக்கும் எண்கள் சிறிது திருத்தப்படுகின்றன. இது பல்லாயிரம் முறை நிகழப் பிழை குறைகிறது. இயந்திரம் ‘கற்கிறது’ என்பதன் பொருள் இவ்வளவே.

பழக்குவதற்குக் காட்டாமல் ஒதுக்கிய படங்களில் நூற்றுக்கு 99-க்கு மேல் சரியான விடை வந்தது. ஆனால் வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது அது 31 அளவிற்கு வீழ்ந்தது. இதனை ஆராய்ச்சியாளரே மறைக்காமல் எழுதியிருப்பது போற்றத்தக்கது. முதல் எண் ஊரெங்கும் பேசப்பட, இரண்டாவது எண் கட்டுரைக்குள்ளேயே தங்கிவிடுவதுதான் வருந்தத்தக்கது.

இவ்வீழ்ச்சியின் காரணம் யாது? தொகுப்பிலுள்ள இலைகள் செடியிலிருந்து பறிக்கப்பட்டு, ஒரே நிறத் தாளின்மேல் வைத்துப் படமெடுக்கப்பட்டவை. 2022-இல் நோயன் என்பார் இலையை அறவே விடுத்து, பின்னணியிலிருந்து எட்டே புள்ளிகளை எடுத்து ஓர் இயந்திரத்தைப் பழக்கினார். 38 வகைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சொன்னால் நூற்றுக்கு மூன்றுகூடச் சரியாகாது. எட்டுப் புள்ளிகளோ 49 சரியான விடைகளைத் தந்தன! தாளின் நிறமும் ஒளியும் நோயைக் காட்டிக்கொடுத்தன. வினாத்தாளின் நிறத்தைப் பார்த்தே விடை எழுதிய மாணவனை ஆசிரியர் எவரும் தேர்ச்சி பெற்றவனாகக் கருதார்.

முதலாண்டிலேயே தோல்வியைக் காட்டினால் மாணாக்கர் ஊக்கம் இழப்பர் எனச் சிலர் கூறலாம். அவ்வாறு கூறுவோர் வயலை எண்ணிப் பார்ப்பதில்லை. கைப்பேசி நோயைப் பிழையாகச் சொன்னால், தேவையற்ற மருந்துக்குச் செலவிடுபவன் உழவன். அவன் முன் நின்று விடையிறுப்பவர் விரிவாக்கப் பணியாளர். கருவியைச் செய்தவர் அங்கே இருப்பதில்லை.

ஆகவே முதல் பயிற்சியை எளியதாக அமைக்கலாம். மாணாக்கர் இரு கிராமங்களுக்குச் சென்று, இலையைப் பறிக்காமல், காலையிலும் நண்பகலிலும் படமெடுக்கட்டும். எந்த வயல், எந்த நாள், நோயை உறுதி செய்தவர் எவர் என்பவற்றை ஒவ்வொரு படத்துடனும் குறிக்கட்டும். ஒரு கிராமத்தின் படங்களால் இயந்திரத்தைப் பழக்கி, மற்றதன் படங்களால் சோதிக்கட்டும். கலந்து குலுக்கிய ஒரே குவியலிலிருந்து இரண்டையும் எடுத்தல் ஆகாது. பெயரிடுவதில் ஐயம் எழும் இலைகளுக்கு அவ்வட்டாரப் பணியாளரை நாடவேண்டும். அவரது பெயரும் தொகுப்பில் இடம்பெறல் முறை.