அம்பாசடருக்கு இசுஸு எஞ்சின் மாட்டப்போற மகராசன்களுக்கு

மக்களே, எங்க அனந்தபுரத்துல பழைய அம்பாசடர் வெச்சிருக்கிற நண்பர் ஒருத்தர், "1489 சிசி எஞ்சின் இழுக்கலைப்பா, கழட்டிட்டு இசுஸு மாட்டப்போறேன்"ங்கறார். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு.

கணக்கு என்னவோ சரிதான். இசுஸு 1817 சிசி, 75 குதிரைசக்தி. பழசுல 50 சொச்சம். 1992-ல கம்பெனியே அதைப் போட்டு வித்துச்சு. ஆனா கூடவே 5 கியர் பாக்ஸும் குடுத்துச்சே, அதை ஏன் சாமி மறக்கறீங்க? எஞ்சினை மட்டும் மாத்திட்டு, நாலு சக்கரத்துலயும் அதே பழைய டிரம் பிரேக்கா? செஞ்சி ரோட்டுல ஆட்டுமந்தை குறுக்க வந்தா குதிரைசக்தியா வந்து நிறுத்தும்?

முதல்ல கம்ப்ரஷன் செக் பண்ணுங்க. ரிங் தேஞ்சிருக்கும், வால்வு கசியும், கார்புரேட்டர் அடைச்சிருக்கும். இதைச் சரி பண்ணினாலே தொலைஞ்ச இழுவை நிறையத் திரும்பி வரும்.

அப்புறமும் ஆசை அடங்கலையா? மொதக் காசு பிரேக்குக்கு. அடுத்து ஆர்டிஓ அனுமதி, ஆர்சி புக்குல புது எஞ்சின் நம்பர். இல்லேன்னா நாளைக்கு விபத்துன்னு போனா இன்சூரன்ஸ்காரங்க கையை விரிச்சா கேக்க முடியாது.

இல்லைங்கறவங்க வாங்க, அந்த நண்பர் வண்டியில பிரேக் அடிச்சுப் பாத்துட்டுச் சண்டை போடலாம் :-)