உயிரணு செங்கல் அன்று

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளின் பாடநூலைப் புரட்டிப் பார்க்கும் பெற்றோர்களுக்கும் ஒரு கருத்தைச் சொல்ல விழைகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு நானே செய்த பிழையிலிருந்து தொடங்குகிறேன்.

ஆறாம் ஆண்டு மாணவர்களிடம், "வீட்டிற்குச் செங்கல் எப்படியோ, உடலுக்கு உயிரணு அப்படி" என்று கூறினேன். வெண்பலகையில் ஒரு வட்டம் வரைந்து, நடுவே ஒரு புள்ளி இட்டேன். அனைவரும் அழகாக எழுதிக்கொண்டனர். மறு ஆண்டு, இடைநிலைப்பள்ளிக்குச் சென்றிருந்த மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். படிவம் 1 அறிவியலில் 'செல்' என்னும் பாடம் விளங்கவில்லை என்றான். மலாய்மொழியில் உயிரணுவுக்கு அதுதான் பெயர். "நாம் படித்த உயிரணுதான் தம்பி அது" என்றேன். அவன் சற்று விழித்துவிட்டு, "அந்தச் செங்கலா ஐயா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. அவன் மனத்தில் நின்றது செங்கல்தான், உயிர் நிற்கவில்லை. செங்கல் உண்ணாது, மூச்சுவிடாது, கழிவை வெளியேற்றாது. ஒரு செங்கல் இரண்டாகப் பிரிந்து இரண்டு முழுச் செங்கற்கள் ஆவதுமில்லை. உயிரணுவோ இவ்வளவும் செய்கிறது. அதன் முதன்மையான பண்பை மறைக்கும் உவமையையே நான் தேர்ந்தெடுத்திருந்தேன்.

அடுத்த ஆண்டு நுண்ணோக்கியை வகுப்பறைக்கு எடுத்துச் சென்றேன். வெங்காயத்தின் சதைப்பற்றான இதழை ஒடித்து, அதன் உட்புறத்திலுள்ள மெல்லிய தோலை உரித்துக் கண்ணாடித் தகட்டில் நீர்விட்டுப் பரப்பினோம். மாவுச்சத்துச் சோதனைக்கு வைத்திருந்த அயோடினில் ஒரு சொட்டு இட்டோம். மாணவர்கள் ஒவ்வொருவராகப் பார்த்து வரைந்தனர். ஏடுகளைத் திரட்டியபோது திடுக்கிட்டேன். பலர் கருத்த விளிம்புடைய வட்டங்களையே வரைந்திருந்தனர். அவை உயிரணுக்கள் அல்ல. மூடுகண்ணாடியின் கீழ் சிக்கிய காற்றுக்குமிழ்கள்! செங்கற்சுவர்போல் வரிசை வரிசையாக நீண்ட கட்டங்கள் கண்முன் இருந்தும், நான் முன்பு வரைந்துகாட்டிய வட்டத்தையே அவர்கள் தேடியிருக்கிறார்கள். மூடுகண்ணாடியைச் சாய்த்து மெல்ல இறக்கினால் குமிழ்கள் குறையும் என்பதை அன்று நானும் கற்றேன்.

இராபர்ட் ஊக் 1665ஆம் ஆண்டில் தக்கையை ஆராய்ந்து சிறு அறைகளைக் கண்டார். அறை என்னும் பொருளிலேயே பெயரும் இட்டார். அவர் கண்டவை உயிர் நீங்கிய வெற்றுச் சுவர்கள். பின்னர், 1838இல் சிலைடனும் 1839இல் சுவானும் செடிகளும் விலங்குகளும் உயிரணுக்களால் ஆனவை என்று நிறுவினர். ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவிலிருந்தே தோன்றும் என்பதை விர்சோ 1855இல் வலியுறுத்தினார். வெற்று அறையிலிருந்து உயிருள்ள அலகுக்கு வந்துசேர அறிவுலகுக்கே ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆயின. நாமோ பிள்ளைகளை மீண்டும் அந்த வெற்று அறைக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு மாற்றாக நான் முன்வைப்பது எளியது. தொடக்கப்பள்ளியிலேயே உயிரினங்களின் வாழ்வியல் செயல்களைக் கற்பிக்கிறோம். நுண்ணுயிர்ப் பாடத்தில் ஈஸ்டைச் சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான நீரில் இட்டுப் புட்டியின் வாயில் பலூனைக் கட்டுகிறோம். பலூன் உப்பியதும் பாடம் முடிந்துவிடுகிறது. அங்கேதான் பாடம் தொடங்க வேண்டும். ஈஸ்ட் என்பது ஒற்றை உயிரணு. அது சர்க்கரையை உட்கொண்டு ஆற்றல் பெற்று, கரிவளியை வெளியேற்றுகிறது, மொட்டுவிட்டுப் பெருகுகிறது. ஒரே உயிரணு ஓர் உயிரினமாக வாழ்வதைப் பலூன் வழியாகப் பிள்ளைகள் காண்கிறார்கள். அதன் பிறகு, "நம் உடலில் இத்தகைய உயிரணுக்கள் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி சேர்ந்து வாழ்கின்றன" என்று சொல்லிப் பாருங்கள். முழங்காலில் பட்ட சிராய்ப்பு எப்படி ஆறுகிறது என்று அவர்களே கேட்பார்கள்.

உறுப்புகளின் பெயர்களைப் பிறகு சொல்லலாம். உள்ளே செல்வதையும் வெளியேறுவதையும் சீர்படுத்தும் மெல்லிய சவ்வு. செயல்களை நெறிப்படுத்தும் மரபுச் செய்தி பொதிந்த உட்கரு. ஆற்றலை வழங்கும் இழைமணி. பச்சைச் செடிகளில் உணவு ஆக்கும் பசுங்கணிகம். வேலையை அறிந்தபின் கற்ற பெயர் எளிதில் மறவாது. ஆயினும், எல்லா உயிரணுக்களுக்கும் உட்கரு உண்டு என்று மட்டும் எழுதிவைக்க வேண்டா. பாக்டீரியாவுக்கு உட்கரு இல்லை. முதிர்ந்த நம் சிவப்பணுக்களுக்கும் இல்லை.

சொல்லைப் பற்றியும் ஒன்று. 'உயிரணு' என்னும் நம் சொல்லிலேயே உயிர் இருக்கிறது. ஊக்கின் 'அறை'யைவிடச் சிறந்த பெயர் என்பேன். ஆனால், பின்பகுதியிலுள்ள 'அணு' குழப்பத்தைத் தரும். ஓர் உயிரணுவுக்குள் கோடானுகோடி அணுக்கள் அடங்கியுள்ளன என்று தெளிவுபடுத்திவிடுவது நம் கடமை. தமிழகப் பாடநூல்கள் 'செல்' என்கின்றன. இலங்கையில் 'கலம்' என்கிறார்கள். மலாய்ச் சொல்லையும் சேர்த்து ஆறாம் ஆண்டிலேயே அறிமுகப்படுத்தினால், படிவம் 1இல் பிள்ளை திகைக்கமாட்டான். பொருள் தமிழில் தெளிந்துவிட்டால் வேற்றுமொழிச் சொல் மற்றொரு பெயர் மட்டுமே. பொருள் தெளியாதவனுக்கு அது புதிய சுமை.

பெற்றோர்களே, இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவிச் சற்று நேரம் வைத்துப் பிள்ளையிடம் காட்டுங்கள். நீர் கசிந்திருக்கும். உயிரணுக்களின் சவ்வு வழியாக வெளியேறிய நீர் அது. நம் பாட்டிமார் ஊறுகாய்ச் சாடியில் நாள்தோறும் கண்ட அறிவியல்! பள்ளியில் நுண்ணோக்கி பழுதுற்றோ பூட்டிய அலமாரியிலோ கிடந்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அதைப் பற்றிக் கேளுங்கள். விழாவுக்கு நிதி திரட்டும் நமக்கு இது பெருஞ்செலவன்று.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு அகற்றப்பட்டது. மனனம் செய்ததை ஒப்புவிக்கும் வழக்கம் மட்டும் இன்னும் அகலவில்லை. இலக்கணத்தை மனனம் செய்த பிள்ளைக்கு உயிரணு ஒரு விடை. ஒருமுறை வெங்காயத்தோலில் அதைக் கண்ட பிள்ளைக்கோ அது ஓர் உயிர். இவ்விரண்டில் எதைக் கொடுத்து அவர்களை இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பப் போகிறோம்?

சிந்திப்போம், செயல்படுவோம்.