தோற்றவனைப் பாடுவது ஏன்?

செஞ்சிக் கோட்டை என்றதும் நம்மவர்கள் வாயில் முதலில் வரும் பெயர் தேசிங்கு ராஜன். யோசித்துப் பார்த்தால் இது விந்தையான சங்கதிதான். அந்தக் கோட்டையை 1677-ம் ஆண்டில் கைப்பற்றியவர் சத்திரபதி சிவாஜி மகாராஜா. அவருடைய குமாரர் ராஜாராம், 1690 முதல் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள், மொகலாய சைனியத்தின் முற்றுகையைத் தாங்கிக்கொண்டு அங்கே இருந்தார். 1698-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் அதைப் பிடித்தான். 1750-ல் பிரெஞ்சுக்காரர்களும், 1761-ல் ஆங்கிலேயர்களும் பிடித்தார்கள். வென்றவர்கள் இத்தனை பேர் இருக்க, ஓராண்டு கூட ஆளாமல், இருபத்திரண்டாவது வயதில், ஒரே நாள் யுத்தத்தில் மாண்டுபோன வாலிபனையல்லவா ஜனங்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்!

வென்றவனை மறந்து தோற்றவனைப் பாடும் இந்தக் குணம் தமிழ் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க நாவல்களைப் புரட்டிப் பார்க்கும் நேயர்களுக்கு இது விளங்கும். செல்வத்திலும் படைபலத்திலும் உலகத்தில் முதன்மை பெற்ற தேசம் அது. ஆனால் அத்தேசத்தின் தலைசிறந்த எழுத்தாளர்கள் யாரைப் பற்றி எழுதினார்கள்? பெரும்பாலும் தோற்றவர்களைப் பற்றித்தான்.

எர்னெஸ்ட் ஹெமிங்வே 1952-ல் வெளியிட்ட 'கிழவனும் கடலும்' என்னும் சிறு நாவலின் நாயகன் சாந்தியாகோ என்ற கிழச் செம்படவன். எண்பத்து நான்கு நாட்கள் ஒரு மீனும் அகப்படாமல் வெறுங்கையோடு திரும்பியவன், பிறகு மிகப் பெரிய மீன் ஒன்றைத் தன்னந்தனியாகப் போராடிப் பிடிக்கிறான். கரைக்குக் கொண்டு வருவதற்குள் சுறாக்கள் அதைத் தின்றுவிடுகின்றன. மிஞ்சியது எலும்புக்கூடுதான். அதே ஆசிரியர் 1940-ல் எழுதிய 'யாருக்காக மணி ஒலிக்கிறது' என்ற நாவலில், ஸ்பெயின் தேசத்து உள்நாட்டுப் போரில் கலந்துகொண்ட ராபர்ட் ஜோர்டான் என்னும் அமெரிக்க வாலிபன், பாலத்தைத் தகர்த்த பிறகு கால் முறிந்து விழுகிறான். தோழர்கள் தப்பிப் போகட்டும் என்று அவர்களை அனுப்பிவிட்டு, பகைவரைத் தடுப்பதற்காகத் துப்பாக்கியுடன் காத்துக் கிடக்கிறான். ஹார்ப்பர் லீ என்னும் மாதரசி 1960-ல் எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலில், அட்டிகஸ் பிஞ்ச் என்ற வக்கீல், குற்றமற்ற நீக்ரோ ஒருவனுக்காக வாதாடுகிறார். அவ்வூர் ஜூரிகள் நியாயம் வழங்கமாட்டார்கள் என்பது அவருக்கு முன்பே தெரியும். ஆயினும் வாதாடுகிறார், தோற்கிறார்.

இவர்கள் தோற்றும் நம் மனத்தில் உயர்ந்து நிற்பதற்குக் காரணம் என்ன? ஒவ்வொருவனும் தன் தோல்விக்குள்ளே ஏதோ ஒன்றைக் காப்பாற்றியிருக்கிறான். கிழவன் தன் தொழிலின் மானத்தைக் காத்தான். ஜோர்டான் தோழர்களின் உயிரைக் காத்தான். அட்டிகஸோ, தம்மைப் பார்த்து வளரும் இரு குழந்தைகளின் உள்ளத்தில் நியாயம் என்பது இன்னது என்ற எண்ணத்தைக் காத்தார். எதையும் காக்காமல் வீணே தோற்பவனுக்குக் காவியம் இல்லை.

அப்படியானால், நம் தேசிங்கு எதைக் காத்தான்?

சரித்திரம் சொல்வது இது. ஔரங்கசீப் காலத்தில் செஞ்சி, புந்தேல ராஜபுத்திரரான சொரூப் சிங் வசம் விடப்பட்டது. அவர் இறந்த பின் மகன் தேஜ் சிங் பட்டத்துக்கு வந்தான். தமிழர் வாயில் அவன் தேசிங்கு ஆனான். செலுத்தாமல் நின்றுபோன கப்பத்தை ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கேட்டார், இவன் மறுத்தான். 1714-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி சண்டை நடந்தது. ஆயிரக்கணக்கான நவாப் படைக்கு எதிரே சில நூறு குதிரை வீரர்களுடன் பாய்ந்து, தேசிங்கு குண்டு பட்டு வீழ்ந்தான்.

'பெரிய எழுத்து' புத்தகங்களாகத் திருவிழாக் கடைகளில் விற்ற தேசிங்கு ராஜன் கதை இத்துடன் திருப்தியடையவில்லை. முரட்டுக் குதிரையை அடக்கிய பால்யம், திரை மறைவிலேயே இருந்த ராணி, பெருக்கெடுத்த ஆற்றைக் கடந்த பாய்ச்சல் என்று எத்தனையோ சேர்ந்தன. சிங்கவரம் குகைக் கோயிலில் பள்ளிகொண்ட அரங்கநாதப் பெருமாள், 'இன்று போருக்குப் போகாதே' என்று குறிப்பாக உணர்த்த முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஜனங்கள் இன்னும் சொல்லுகிறார்கள். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து 'ராஜா தேசிங்கு' என்ற பேசும் படமும் வந்தது.

கப்பப் பாக்கிக்காக நடந்த சண்டைதானே, இதில் என்ன பெருமை என்று சிலர் கேட்கலாம். நம்முடைய அபிப்பிராயத்தில், இக்கதையின் உண்மையான மேன்மை தேசிங்கின் கோபத்தில் இல்லை. அவனுடைய சிநேகிதன் மகபத்கானிடத்தில் இருக்கிறது. மகபத்கான் முஸ்லிம். கல்யாண கோலத்தில் இருந்தவன், சிநேகிதனுக்கு ஆபத்து என்று செய்தி கேட்டதும் மணப் பந்தலை விட்டுப் புறப்பட்டு வந்தான் என்கிறது கதை. எதிர்த்து நின்ற நவாபும் முஸ்லிம்தான். மதத்தைக் கொண்டு கணக்குப் பார்ப்பவர்களுக்கு இந்தப் போர் விளங்கவே விளங்காது. கதையைப் பாடிய கிராமத்து ஜனங்களுக்கோ அது வெகு நன்றாக விளங்கியது. சரித்திரத்தை மதவாரியாகப் பங்கு போட்டுக் குழந்தைகளுக்குக் கற்பிக்க முயல்வோர் இருக்கும் வரையில், மகபத்கானுடைய பெயர் நமக்குப் பெரும் பொக்கிஷமாகும்.

நிற்க. தோல்வியைப் பாடுவதில் ஓர் அபாயமும் உண்டு. இதையும் அமெரிக்க நாவலாசிரியர் ஒருவரிடமிருந்தே நாம் கற்றுக்கொள்ளலாம். அமெரிக்காவின் தென் ராஜ்யங்கள் 1865-ல் உள்நாட்டுப் போரில் தோற்றன. தோற்ற பிரபுக்களின் வீரத்தையும் மாளிகைகளையும் பற்றி அங்கே எத்தனையோ கதைகள் எழுந்தன. அந்த மாளிகைகளைத் தாங்கி நின்றது அடிமைகளின் உழைப்பு என்பதை அக்கதைகள் மூடி மறைத்தன. அதே தென் நாட்டில் பிறந்த வில்லியம் பாக்னர், 1936-ல் 'அப்சலோம், அப்சலோம்!' என்ற நாவலில் அந்தத் திரையைக் கிழித்தார். தாமஸ் சட்பென் என்பவன் மாளிகை கட்டி வம்சம் ஸ்தாபிக்கப் பார்க்கிறான். நீக்ரோ இரத்தம் கலந்தவன் என்பதற்காகத் தன் மூத்த மகனையே மகனென்று ஒப்புக்கொள்ள மறுக்கிறான். அந்த ஒரு மறுப்பினால் வம்சம் அழிகிறது; மாளிகையும் எரிகிறது. தன் ஊரின் பழம்பெருமையை நேசித்துக்கொண்டே, அதன் பாவத்தையும் கூசாமல் சொன்னார் பாக்னர்.

நம் செஞ்சிக் கதை மறைத்தது என்ன? முதலாவது, குடியானவர்கள். கப்பம் நவாபுக்குப் போனாலும் சரி, ராஜாவிடமே நின்றாலும் சரி, அது விளைந்த இடம் ஏழை உழவனுடைய வயல்தான். குதிரைகள் மிதித்ததும் அந்த வயலைத்தான். கதையில் குதிரைக்குப் பெயர் உண்டு. உழவனுக்குப் பெயர் இல்லை. 1939-ல் ஜான் ஸ்டீன்பெக் எழுதிய 'கோபத்தின் கனிகள்' நாவலில், நிலத்தை இழந்து ஓக்லஹோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போகும் ஜோட் குடும்பத்தாருக்குப் பெயர் இருக்கிறது, கோபதாபங்கள் இருக்கின்றன.

இரண்டாவது, அந்த ராணி. கணவனுடன் சிதையேறினாள் என்பதைத் தவிரக் கதை அவளைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. ராணிப்பேட்டை என்ற ஊர் அவள் நினைவாகப் பெயர் பெற்றது என்பார்கள். ஊருக்குப் பெயர் கொடுத்தவளுக்கு வாய் திறந்து பேச ஓர் அத்தியாயம் இல்லை! ஸ்டீன்பெக்கின் நாவலில் ஆண்பிள்ளைகள் மனமொடிந்து உட்காரும்போது, குடும்பத்தைத் தாங்கி நடத்துகிறவள் ஜோட் குடும்பத்துத் தாயார். நம் ராணியும் அந்தக் கடைசி இரவில் என்ன நினைத்தாள், என்ன சொல்லிப் பார்த்தாள் என்பதை எழுத ஒரு தமிழ் நாவலாசிரியர் முன்வர வேண்டாமா? அதை ஒரு பெண்மணியே எழுதினால் இன்னும் விசேஷம்.

2025-ம் ஆண்டு ஜூலை மாதத்தில், மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ ஸ்தாபனம் உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. தமிழ் நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றுதான். இனிக் குடும்பம் குடும்பமாக அங்கே செல்வோர் தொகை பெருகும். ராஜகிரியின் உச்சியைக் காட்டிக் குழந்தைகளுக்குத் தேசிங்கின் கதையைச் சொல்லுங்கள். அவசியம் சொல்ல வேண்டியதுதான். ஆனால் அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். கல்யாண மகாலின் நிழலில் சற்று உட்கார்ந்து மகபத்கானைப் பற்றியும் சொல்லுங்கள். மலையிலிருந்து கீழே தெரியும் வயல்களைக் காட்டி, அங்கே உழுதவர்கள் யார், அன்றைய தினம் அவர்கள் கதி என்னவாயிற்று என்று குழந்தைகளையே கேளுங்கள். நமக்குத் தோன்றாத பதில் அவர்களுக்குத் தோன்றக்கூடும்.