வாசகர் எங்கே என வினவுவோர்க்கு

பெங்களூருவில் தமிழ் எழுதுவோர் இருவர் சந்தித்தால் முதலில் எழும் பேச்சு, "படிக்க ஆள் இல்லை" என்பதே. 1950இலேயே தமிழ்ச்சங்கம் கண்ட ஊரில் இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. வாசகரை ஆக்கிக்கொள்ளும் உழைப்பைத் தவிர்ப்பவர்கள் தம் சோம்பலுக்குச் சூட்டிய பெயர் இது எனக் கூறத் துணிகிறோம்.

இன்று கவிதையொன்று எழுதி முடிந்த மறுகணமே இருபது கைபேசிக் குழுக்களில் போடப்படுகிறது. கட்டைவிரல்கள் உயர்கின்றன, கைகள் கூப்பப்படுகின்றன. மாலைக்குள் நூறு வாசகர் கிடைத்துவிட்டதாகக் கவிஞர் மகிழ்கிறார். நடுவண் அரசு அலுவலகத்தில் எழுத்தராய்க் காலந்தள்ளும் எம்மனோர்க்கு ஒன்று நன்றாகத் தெரியும்: கோப்பில் சுருக்கொப்பம் இட்டவரெல்லாம் கோப்பைப் படித்தவரல்லர். அதே குழுவில் பிறர் இட்ட கவிதையை அந்தக் கவிஞர் படித்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பிழைக்க வந்த ஊரில் இலக்கிய வாசகர் உருவாகார் என்பாருக்குத் தில்லியை நினைவூட்டுகிறோம். கி. கஸ்தூரிரங்கன் 1965இல் கணையாழியைத் தொடங்கியது சென்னையில் அன்று, தில்லியில்தான். அதன் கடைசிப் பக்கத்தை ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்னும் பெயரில் எழுதியவர், அப்போது அங்கே அரசுப் பணியிலிருந்த சுஜாதா. பின்னர் நம் ஊருக்கு வந்து பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றியவர். வார இதழ்களில் அவருடைய தொடர்கதைகளுக்கிருந்த கூட்டம் யாவரும் அறிந்ததே. நாம் சுட்டுவது அதையன்று, அந்த ஒற்றைப் பக்கத்தை. அங்கே அவர் தம் கதைகளுக்குப் பறை கொட்டவில்லை. படித்த கவிதை, பார்த்த படம், புதிதாய்க் கண்ட பெயர், சிறிது சினம், நிறையக் கிண்டல் என்று பிறரைப் பற்றியே மிகுதியும் பேசினார், ஆண்டுக்கணக்கில் பேசினார். அதைப் படித்தவர் வேறு நூல்களைத் தேடிப் போனார். போனவர் மீண்டும் அப்பக்கத்துக்கே வந்தார்.

"அவருக்கு வார இதழ்ப் புகழ் இருந்தது; எமக்கேது?" என்பர். எழுபதுகளின் இறுதியில் தமிழவன் முதலியோர் இதே பெங்களூருவிலிருந்து கொணர்ந்த 'படிகள்' சிற்றிதழுக்கு எந்தப் புகழ் துணை நின்றது? கடினமான கோட்பாடுகளையே அது பேசிற்று. வட்டம் சிறிதுதான், எனினும் படித்தவர்கள் படித்தார்கள். 1959இல் 'எழுத்து' தொடங்கிய சி. சு. செல்லப்பா நூற்கட்டுகளைச் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். கன்னட நாவலாசிரியர் களகநாதரும் தம் நூல்களைத் தாமே சுமந்து ஊரூராய் நடந்து விற்றவர். நம் அண்டை வீட்டுக் கன்னட அன்பர்களைக் கேட்டால் பெருமையுடன் சொல்வார்கள். நமக்கோ ஒரு கட்டைத் தூக்கவும் தோள் வலிக்கிறது.

இதனினும் நம்மை வருத்துவது வேறொன்று. நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கற்கின்றனர். கற்கவே வேண்டும், அதில் நமக்கு மறுப்பில்லை. வீட்டில் தமிழ் பேசுகின்றனர். ஆனால் படிக்கத் தெரியாது. தந்தை கவிஞர், மகளுக்கு அவர் கவிதை வெறுங் கோடுகள்! கடல்கடந்து வாசகரைத் தேடும் அத்தந்தை, மாலையில் அரைமணி நேரம் மகளுக்கு எழுத்துக் கற்பித்ததுண்டா?

சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். கவியரங்கில் தம் கவிதையை வாசிக்க விழைவோர், பிறர் நூலொன்றைப் பற்றிப் பத்து மணித்துளி பேசிய பின்னரே மேடையேறலாம் என்று அடுத்த கூட்டத்திலேயே விதி செய்யுங்கள். எத்தனை கவிஞர் எஞ்சுகின்றனர் எனப் பார்ப்போம்.